துயரின் பெயரும் துயரின் வேரும்

ஒரு மொழியில் துயரைக் குறிக்கும் சொற்கள் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது அகராதி தொகுப்போரின் பணி. அச்சொற்கள் எவருடைய துயரைக் கூறுகின்றன, அத்துயரின் காரணம் எங்கே இருப்பதாகக் காட்டுகின்றன என்று வினவுவது இலக்கிய விமர்சனத்தின் பணி. ஆங்கிலத்தில் துயரையும் மனத்தளர்ச்சியையும் குறிக்கும் சொற்பட்டியல்கள் இன்று நம் மாணவர் கைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. பரீட்சைக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இன்னின்ன சொற்களை மாற்றி எழுது என்று ஆசிரியர்களும் அறிவுறுத்துகிறார்கள். சொல்வளம் பெருகவேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடு இல்லை. எனினும் சொல் என்பது மாற்றி மாற்றி அணியும் சட்டையன்று. ஒவ்வொரு சொல்லினுள்ளும் ஒரு சமுதாயத்தின் அனுபவம் படிந்திருக்கிறது. அச்சமுதாயத்தை ஆண்டவர்களின் நோக்கும் படிந்திருக்கிறது. இதனை உணராது சொற்களை மட்டும் கடன் வாங்குகிறவன், தன் துயரைப் பிறர் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்கிறான்.

கண்டிக்கு மேற்கே, பேராதனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் கொழும்பு வீதியில் அமைந்த பிலிமத்தலாவையில் நின்று நோக்குவோர்க்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினையாகத் தோன்றாது. சில மைல் தொலைவில் பேராதனைப் பல்கலைக் கழகம் இருக்கிறது. 1952இல் அங்கு இடம்பெயர்ந்த நாள் தொட்டு ஆங்கில இலக்கியமும், பின்னர் மானிடவியலும் மருத்துவமும் அங்கே வளர்ந்தன. பிலிமத்தலாவையிலேயே 1963இல் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரி இருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் போதனை நிகழ்த்தும் அக்கல்லூரி, திருமறையின் துயர்ச் சொற்களை இரு மொழிகளிலும் காத்துவருகிறது. ஊரின் ஊடாகச் செல்கிறது மலைநாட்டுப் புகையிரதப் பாதை. அப்பாதை வழியே ஒரு மக்கட் கூட்டம் அழுதுகொண்டே நாட்டைவிட்டுச் சென்றது. படித்தவர்களின் சொல், சமயத்தின் சொல், உழைத்தவர்களின் சொல் என்னும் மூன்றும் ஒரே ஊரின் எல்லைக்குள் சந்திக்கின்றன. இம்மூன்றையும் ஒப்புநோக்கினால் உண்மை புலனாகும்.

முதலில் ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் துயரைக் குறிக்கும் மிகப் பொதுவான சொல் ‘ஸாட்’ என்பது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு நிறைந்த, தெவிட்டிய, களைத்துப்போன என்பவையே பொருள். உண்டு தெவிட்டியவனின் மந்தநிலையைச் சுட்டிய சொல் நாளடைவில் மனத்தின் மந்தநிலைக்கு ஆகிவந்தது. ‘கிறீஃப்’ என்னும் சொல் இலத்தீன் மொழியில் பாரம் என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. ‘மெலங்கொலி’ என்பது கிரேக்கச் சொல். கரும்பித்தம் என்பது அதன் நேர்ப்பொருள். உடலில் கரும்பித்தம் மிகுந்தால் மனம் இருளும் என்பது பண்டைய கிரேக்க வைத்தியரின் கொள்கை. ‘டிஜெக்டெட்’ என்றால் கீழே எறியப்பட்டவன். இன்று உலகெங்கும் வழங்கும் ‘டிப்ரெஷன்’ என்னும் சொல்லுக்கோ கீழே அழுத்தப்படுதல் என்று பொருள்.

இச்சொற்களின் வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. எறியப்பட்டவன் என்கிறார்கள்; எறிந்தவன் யார் என்று சொல்லவில்லை. அழுத்தப்பட்டவன் என்கிறார்கள், அழுத்திய கை எது என்று சொல்லவில்லை. செயப்பாட்டு வினையினின்று பிறந்த சொல் செய்தவனை மறைத்துக்கொண்டு நிலைத்துவிட்டது. காலப்போக்கில் செயப்பாட்டு வினை என்பதே மறந்துபோய், அது ஒருவனுடைய உள்ளத்தின் தன்மையாக, அவனுடைய குணமாக மாறிவிட்டது.

இதனால் ஆங்கில மொழியே உள்ளொடுங்கிய மொழி என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. 1621இல் மெலங்கொலி பற்றிப் பெருநூல் எழுதிய றொபேட் பேர்ட்டன், அதன் காரணங்களுள் வறுமையையும், அடிமைத்தனத்தையும், சிறைவாசத்தையும் தனித்தனியே எடுத்து விளக்கினார். இழிந்தவன், அவலமுற்றவன் என்று இன்று பொருள்படும் ‘றெட்ச்’ என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் நாடு கடத்தப்பட்டவனையே குறித்தது. ஊரும் உறவும் இழந்தவனே உலகில் மிகவும் துயருற்றவன் என்னும் அறிவு அச்சொல்லில் புதைந்து கிடக்கிறது. நீல நிறத்தைக் குறிக்கும் ‘ப்ளூ’ என்னும் சொல்லைச் சோர்வுக்கும் ஆங்கிலேயர் வழங்கினர். அச்சொல்லுக்கு உலகறிந்த ஆழத்தைத் தந்தவர்கள் அமெரிக்காவின் பருத்தி வயல்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழித்தோன்றல்களே. 1912இல் டபிள்யூ. சி. ஹாண்டியின் ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ அச்சில் வெளிவருமுன்பே அந்த இசை அவர்களின் வாயில் வாழ்ந்தது. ஆகவே, ஆங்கிலத்தினுள்ளும் இரண்டு ஆங்கிலங்கள் உண்டு. துயரை ஓய்வுள்ளவனின் மனநிலையாக வருணிக்கும் ஆங்கிலம் ஒன்று. துயரின் காரணத்தை நினைவில் வைத்திருக்கும் ஆங்கிலம் மற்றொன்று. நம் பாடசாலைகளுக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தது முன்னையது.

இனித் தமிழை நோக்குவோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் அழுகை ஒன்று. அழுகை எத்தகையது என்று வருணிப்பதிலும் அது எதிலிருந்து பிறக்கிறது என்று கூறுவதிலேயே தொல்காப்பியர் கருத்தைச் செலுத்துகிறார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகையின் நிலைக்களங்கள் என்பது அவர் முடிபு. பிறரால் இகழப்படுதல் இளிவு. உறவையோ உடைமையையோ பறிகொடுத்தல் இழவு. முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதல் அசைவு என்பர் உரையாசிரியர். நான்காவது வறுமை, அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்நான்கும் மனிதனின் பித்தப்பையில் பிறப்பவை அல்ல. மனிதர்க்கும் மனிதர்க்கும் இடையில், மனிதர்க்கும் உடைமைக்கும் இடையில் பிறப்பவை.

உரியியலில் மற்றொரு செய்தி காணப்படுகிறது. புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என்று அங்கே பொருள் கூறப்படுகிறது. பிற்காலத்தில் அச்சொல்லே புலம்பல் எனத் துயரின் குரலைக் குறிக்கலாயிற்று. தனித்து விடப்படுதலும் வாய்விட்டு அழுதலும் தமிழில் ஒரே வேரில் பிறந்தவை. இறையியற் கல்லூரி மாணவர் பயிலும் தமிழ்த் திருமறையில், வீழ்ந்துபட்ட எருசலேம் நகரத்துக்காக இரங்கும் ஆகமத்துக்குப் புலம்பல் என்றே பெயர். ஒரு தனி மனிதனின் மனக்குறையை அந்நூல் பேசவில்லை; நகரை இழந்து சிறைப்பட்டுப் போன ஒரு மக்களின் துயரைப் பேசுகிறது. வியாகுலம், சஞ்சலம், கிலேசம் என்னும் வடசொற்களைக் கிறித்தவத் தமிழ் எவ்வளவு வழங்கினும், அப்பெருந்துயருக்குப் பெயரிடும் வேளையில் புலம்பல் என்னும் பழஞ்சொல்லே கைகொடுத்தது என்பது கருதத்தக்கது.

புறநானூற்றுப் புலவர் தம்மைப் புரந்த மன்னன் இறந்தபோது பாடியவற்றைக் கையறுநிலை என்பர். செய்வதற்கு வழியின்றிக் கை அற்றுப்போன நிலை அது. இதுவும் மனநிலையின் பெயராகத் தொடங்கியதன்று. செயலின் அழிவைக் குறிக்கும் பெயர். செயலற்றுப் போவதே துயரின் உச்சம் என்று இப்பெயர் உணர்த்துகிறது.

தமிழின் வாக்கிய அமைப்பும் இவ்வகையிலேயே இயங்குகிறது. ஆங்கில மாணவன் துயரைச் சொல்லும்போது ‘நான் துயரன்’ என்பது போன்ற அமைப்பில் தன்னையே துயராக்கிக்கொள்கிறான். தமிழிலோ ‘எனக்குத் துக்கமாக இருக்கிறது’ என்கிறோம். நான் வேறு, துக்கம் வேறு. அது எனக்கு நேர்ந்திருக்கிறது. துன்பப்படுகிறேன், கவலைப்படுகிறேன், வேதனைப்படுகிறேன் என்று கூறும்போது ‘படு’ என்னும் வினை, வெளியிலிருந்து வந்து தாக்கிய ஒன்றை ஏற்கும் நிலையைக் காட்டுகிறது. ‘படு’ என்னும் வினைக்குப் ‘படுத்து’ என்னும் பிறவினையும் உண்டு. துன்பப்படுகிறவன் இருக்கும் இடத்தில் துன்பப்படுத்துகிறவன் எவன் என்று கேட்க இலக்கணமே வழிவிடுகிறது.

இதனைக் கொண்டு தமிழ்ப் பெருமை பேசப் புறப்படுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊழ், விதி, தலையெழுத்து, முன்வினை என்னும் சொற்களும் தமிழில்தான் இருக்கின்றன. துயரின் வேரைக் கண்டவனைத் திசைதிருப்பி வானத்தை நோக்கவைக்க இச்சொற்களைவிடச் சிறந்த கருவி ஆங்கிலத்தில் இல்லை. பண்டைய இலக்கணம் வறுமையைக் கண்டது உண்மை. அவ்வறுமையை மாற்றும் வழியை அது காணவில்லை. பாணனின் வறுமைக்கு வள்ளலின் கொடையே அது அறிந்த மருந்து. எனவே எந்த மொழி உயர்ந்தது என்பது கேள்வியன்று. எந்த மொழியிலும் துயரின் காரணத்தை வெளிக்காட்டும் சொல் எது, மறைக்கும் சொல் எது என்பதே கேள்வி.

இக்கேள்வியை அறிவுலகத்தின் முன் வைத்தவர்களுள் ஒருவர் நம் பேராதனையைச் சேர்ந்தவர். அங்கே ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் மானிடவியலாளராக உலகப் புகழ்பெற்று, 2025இல் மறைந்த கணநாத் ஒபயசேகர, 1985இல் ‘டிப்ரெஷன்’ பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆர்தர் கிளைன்மன், பைரன் குட் ஆகியோர் பதிப்பித்த தொகுதியில் அது இடம்பெற்றது. வாழ்க்கை பயனற்றது, உலகில் நம்பிக்கை வைக்கத்தக்கது எதுவுமில்லை என்று ஒருவன் பொதுமையாக உணர்வதே அந்நோயின் மையம் என மேல்நாட்டறிஞர் கூறினர். ஒபயசேகர கேட்டார்: இவ்வாறு உணர்கிறவன் இலங்கையில் நோயாளியா, நல்ல பௌத்தனா? எல்லாம் துக்கம் என்பதே புத்தர் போதனையின் தொடக்கம். உடலின் அருவருப்பைத் தியானிப்பதும் பௌத்த மரபில் உண்டு. மேலைநாட்டில் பெயரற்று அலையும் துயருணர்ச்சிக்கு இங்கே சமயம் பொருளும் வடிவமும் தந்து அதனை மாற்றிவிடுகிறது. இதனையே பண்பாட்டின் உழைப்பு என்றார் அவர். அவர் கூறிய எதிர்வாதமும் கூர்மையானது. உடலின் சாரம் கழிந்து நலிகிறோம் என்று தெற்காசியர் அஞ்சும் நோய்க் கருத்தை எடுத்துக்கொண்டு, அதன் அறிகுறிகளை அமெரிக்காவில் தேடி, அங்கும் இந்நோய் இருக்கிறது என்று ஒருவர் நிறுவ முற்பட்டால் மேல்நாட்டார் நகைப்பார்கள் அன்றோ? அங்ஙனமாயின் அவர்களுடைய சொல்லை நம் மக்கள்மீது அளவுகோலாக வைப்பது மட்டும் எவ்வாறு அறிவியலாகும்?

இவ்வாதம் ஏகாதிபத்திய அறிவுச் செருக்குக்குக் கொடுத்த சரியான அடி என்பதில் ஐயமில்லை. ஆங்கிலச் சொல்லின் ஆதிக்கத்தை ஆங்கிலத்திலேயே நின்று எதிர்த்தமைக்கு நாம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அவருடைய வாதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பண்பாடு துயரை மாற்றுகிறது என்கிறார். யாருடைய பண்பாடு என்று கேட்க வேண்டியிருக்கிறது. உலகைத் துறக்க எண்ணுகிறவனுக்குத் துறப்பதற்கு ஓர் உலகம் முதலில் இருக்க வேண்டும். வீடும் வயலும் உள்ளவன் அவற்றில் வெறுப்புற்று விகாரையை நாடலாம். கண்டிச் சீமையின் ஏழை விவசாயிக்கு அந்த வெறுப்புக்குரிய நிலமே எஞ்சவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் சேனையும் முடிக்கு உரியவை என்றது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. அவன் அடைந்த சீரழிவை ஆராய ஓர் ஆணைக்குழுவே நியமிக்க வேண்டியதாயிற்று. கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1951இல் வெளிவந்தது. அதே நிலத்தில் கூலிகளாகக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தமிழ்த் தொழிலாளிக்கு லயத்தின் ஓர் அறையே உலகம். இவ்விருவருடைய துயரும் இருவேறு மொழிகளில் ஒலித்தாலும் வேர் ஒன்றே. பண்பாட்டை மட்டும் நோக்குகிறவர் அவ்விருவரையும் பௌத்தர் என்றும் சைவர் என்றும் பிரித்துக் காண்பார். நிலத்தை நோக்குகிறவர் சேர்த்துக் காண்பார்.

ஒபயசேகர எந்த ஆங்கில ஆய்வை எதிர்த்து எழுதினாரோ அதே ஆய்வில் அவர் போதிய அழுத்தம் கொடாத ஒரு பக்கமும் இருந்தது. ஜோர்ஜ் பிரௌனும் திறில் ஹரிஸும் 1978இல் வெளியிட்ட அந்நூல், இலண்டனின் கம்பர்வெல் பகுதியில் வாழ்ந்த பெண்களைப் பற்றியது. தொழிலாள வர்க்கப் பெண்களே இந்நோய்க்கு மிகுதியும் ஆளாகின்றனர் என்றும், சிறு பிள்ளைகள் பலருடன் வீட்டில் அடைபட்டு, வேலையின்றி, மனம்விட்டுப் பேச ஒருவருமின்றி இருப்பதே அவர்களை நலிவிக்கிறது என்றும் அந்நூல் காட்டியது. 1995இல் பிரௌனும் அவர் குழுவினரும் எழுதிய மற்றொரு கட்டுரை, இழப்பு, அவமானம், தப்ப வழியில்லாத நிலை என்பவற்றை இந்நோயின் முன்னோடிகளாக எடுத்துரைத்தது. இழவு, இளிவு என்று தொல்காப்பியர் சொன்னவற்றை இலண்டன் நகரின் தொழிலாளர் குடியிருப்பு மீண்டும் சொல்லிற்று. தப்ப வழியில்லாத நிலைக்குக் கையறுநிலை என்பதைவிடப் பொருத்தமான தமிழ் வேறில்லை. துயரின் பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். வேர்கள் அவ்வளவு வேறுபடவில்லை.

இவ்விடத்தில் நம் மலைநாட்டு இலக்கியத்துக்கு வருவோம். 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பணியாற்றினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அடுத்த பாராளுமன்றத்தில் அவர்களுக்குப் பிரதிநிதி இல்லை. இந்தச் சூழ்நிலையில், 1950களின் முற்பகுதியில், ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் ஒரு நெடுங்கவிதை வெளியிட்டார். பின்னர் சக்தீ பாலையா அதனைத் தமிழில் தந்தார்.

தோட்டத்தில் பிறந்தவர் தம் மக்களின் துயரை ஏன் ஆங்கிலத்தில் எழுதினார்? ஆங்கில மோகம் என்று சொல்லிவிடுவது எளிது; அது உண்மையன்று. துரையின் மொழி ஆங்கிலம். சட்டத்தின் மொழியும் அன்று ஆங்கிலம். வாக்குரிமை இழந்தவனின் முறையீடு எவர் காதில் விழவேண்டுமோ அவர்களுடைய மொழியில் அது எழுதப்பட்டது. அதனை ஒரு கவிதை வடிவிலான மனுவென்று கொண்டால் அதன் வலிமையும் குறையும் ஒருங்கே விளங்கும்.

அக்கவிதையின் வலிமை, உழைப்பை நடுவில் நிறுத்தியமை. தேயிலைச் செடியின் கீழ் உறங்கும் முன்னோர்க்கு நடுகல் இல்லை, அவர்கள் பெயர் சொல்வார் இல்லை என்னும் உணர்வு அதன் உயிர்நாடி. சாவுக்கு இரங்கும் கவிதைகள் ஆங்கிலத்தில் ஏராளம். ஆனால் செத்தவனின் உடலே செடிக்கு உரமாகி அடுத்தவனுக்கு இலாபமாயிற்று என்று இரங்கும் கவிதை அரிது. அதன் குறை, கடன் வாங்கிய சொற்களினால் நேர்ந்தது. இங்கிலாந்தின் கற்பனாவாதக் கவிஞர் பழக்கிவைத்த மாலை மயக்கமும், பனிமூட்டமும், தொலைவில் தேயும் பறையொலியும் சிலவிடங்களில் துயரை அழகாக்கிவிடுகின்றன. மூடுபனி அழகானதுதான், ஆனால் விடியுமுன் அப்பனியில் பெரட்டுக்கு ஓடிப்போய், சற்றுப் பிந்தினால் அரைப்பேருக்கு வேலை செய்கிறவளுக்கு அது அழகன்று. துரையின் பங்களாவிலிருந்து படிப்பவன் அத்தகைய வரிகளில் ஓர் இனிய சோகத்தை அனுபவித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைக்கலாம். அப்படி மூடிவைக்க இடங்கொடுப்பதே அச்சொற்களின் இயல்பு.

வேலுப்பிள்ளையின் பிற்கால எழுத்துக்களை வரிசையாக வைத்து நோக்கினால், இந்தச் சிக்கலிலிருந்து அவர் படிப்படியாக வெளியேறியமை தெரிகிறது. 1970இல் வெளிவந்த ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று பொருள்படும் ஆங்கில நூலில் தோட்டத்து மனிதர்களை உரைநடைச் சித்திரங்களாக வரைந்தார். சொல்லின் மயக்கம் குறைந்து மனிதர்களின் முகம் தெளிந்தது. பின்னர் தமிழுக்கு வந்தார். ‘வாழ்வற்ற வாழ்வு’, ‘வீடற்றவன்’, ‘நாடற்றவர் கதை’ என்பன அவருடைய நூற்பெயர்கள். மூன்றிலும் ‘அறு’ என்னும் வினை நிற்பதைக் காண்க. கையறுநிலையில் நின்ற அதே வினை. புறநானூற்றுப் புலவனுக்கு அற்றது புரவலனின் கை. மலைநாட்டானுக்கு அற்றவை வாழ்வும் வீடும் நாடும். சோகம் என்றோ ஏக்கம் என்றோ பெயரிட்டிருந்தால் நாவல் விற்பனைக்கு உதவியிருக்கும். அவரோ எது பறிக்கப்பட்டது என்பதையே பெயராக்கினார்.

தொழிலாளரின் வாயில் வழங்கிய பாடல்களையும் அவர் திரட்டினார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று அவர் மறைவுக்குப் பின் நூலான அத்தொகுப்பு, எந்தச் சொற்பட்டியலுக்கும் மேலான சொற்பட்டியல். ஒப்பாரியிலும் தாலாட்டிலும் கொழுந்து பறிக்கும் பாட்டிலும் துயர் வருகிறது. ஆனால் தனித்து வருவதில்லை. கங்காணியோடு வருகிறது, கடனோடு வருகிறது, கப்பலோடும் அட்டையோடும் குளிரோடும் வருகிறது. துயருக்குத் தனிப்பெயர் தேடும் ஓய்வு அப்பெண்களுக்கு இருக்கவில்லை. நேர்ந்ததைச் சொன்னார்கள், சொன்னதே துயராயிற்று. அந்த வழியிலேயே, தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, 1940இல் மலைநாட்டுத் தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கி நூலாக வெளியிட்டார், கூட்டங்களிலும் பாடினார். அதே ஆண்டு சனவரியில்தான் கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். ஒப்பாரி பாடிய குரலே கோரிக்கை பாடக் கற்றுக்கொண்ட காலம் அது.

‘டிப்ரெஷன்’ என்னும் சொல் மலைநாட்டுக்கு உளநோயின் பெயராக முதலில் வரவில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1929இல் தொடங்கி உலகைக் குலுக்கிய பொருளாதார வீழ்ச்சிக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். தேயிலை, றப்பர் விலைகள் சரிந்தன. 1930களின் முற்பகுதியில் தோட்டக் கூலி குறைக்கப்பட்டது. தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே சொல்லை இன்று வைத்தியர் உள்ளத்துக்குப் பயன்படுத்துகிறார். தமிழிலோ ஒன்றைப் பொருளாதார மந்தம் என்றும், மற்றதை மனச்சோர்வு என்றும் பிரித்து மொழிபெயர்த்திருக்கிறோம். மொழிபெயர்ப்பு பிழையன்று. ஆனால் இரண்டு அழுத்தங்களும் ஒரே முதுகின்மீது விழுந்தன என்பதை அப்பிரிப்பில் மறந்துவிடலாகாது.

இனி அந்தப் புகையிரதப் பாதைக்கு வருவோம். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றவர்களாயிருந்த 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்காக மலைநாட்டு நிலையங்களிலிருந்து குடும்பங்கள் புறப்பட்டன. பேராதனைச் சந்தியைக் கடந்து, பிலிமத்தலாவையையும் கடுகண்ணாவைக் கணவாயையும் தாண்டி, பொல்காவலை வழியாகத் தலைமன்னார்த் துறைக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலைநாட்டு மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள்.

இந்தப் பெயரை எந்தப் புலவனும் ஆக்கவில்லை. பல்கலைக் கழகத்துக்கு அருகிலேயே ஓடிய அவ்வண்டியைக் குறிக்கும் சொல்லைப் பல்கலைக் கழகமும் ஆக்கவில்லை. அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று பிரிக்கப்பட்டவர்கள் மேடையில் நின்று கதறியபோது பிறந்த பெயர் அது. அழுகை என்னும் தொல்காப்பியச் சொல் அவர்கள் அறியாமலே அவர்களிடம் வந்து சேர்ந்தது. அதன் நான்கு நிலைக்களங்களும் அந்த வண்டியிலேயே இருந்தன. தோட்டக்காட்டான் என்ற இளிவு, ஊரும் உறவும் போன இழவு, வாழ்ந்த நிலை குலைந்த அசைவு, கையில் ஒரு தகரப்பெட்டி மட்டும் மிஞ்சிய வறுமை. பழைய ஆங்கிலத்தில் நாடு கடத்தப்பட்டவனைக் குறித்த ‘றெட்ச்’ என்னும் சொல்லின் உண்மைப் பொருளும் அந்த வண்டியில் ஏறி அமர்ந்திருந்தது. ஆங்கிலச் சொற்பட்டியலை மனனம் செய்யும் மாணவன் இவ்வொரு சொல்லின் வரலாற்றை அறிந்தால், தமிழ்த் தொழிலாளியின் துயரையும் ஆங்கிலத்தின் ஆழத்தையும் ஒருசேர அறிந்தவனாவான்.

இதனால் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெறப்படுவது யாது? ஆங்கிலச் சொற்களைக் கற்க வேண்டாம் என்பதன்று. நன்றாகக் கற்கவேண்டும் என்பதே. ஒவ்வொரு சொல்லையும் கற்கும்போது, இது யாருடைய வாயில் பிறந்தது, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்கக் கற்பிக்க வேண்டும். அத்துடன், அந்தச் சொல்லுக்கு நிகராகத் தன் பாட்டி என்ன சொல்வாள் என்று மாணவன் கேட்டுவர வேண்டும். நெஞ்சு பாரமாக இருக்கிறது, மனம் விட்டுப்போயிற்று, ஒன்றும் ஓடவில்லை, கைகால் விழுந்துபோயிற்று என்னும் வழக்குகள் அகராதியில் ஏறாதவை. ஆனால் உடலோடு உள்ளத்தையும் சேர்த்துச் சொல்பவை.

வைத்தியசாலைக்கும் இது பொருந்தும். மனச்சோர்வு என்னும் நோய் மெய்யானது. மருந்தும் ஆலோசனையும் பலரைக் காத்திருக்கின்றன. அவற்றை நாடுவதில் நாணத்துக்கு இடமில்லை. சமுதாயம் மாறும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும் என்று சொல்வது முற்போக்கு அன்று, கொடுமை. எனினும், நெஞ்சுபாரம் என்று வந்த தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டியதோடு கடமை முடிந்தது என்று கருதும் மருத்துவமும் பாதி மருத்துவமே. என்ன இழந்தாய், யார் இகழ்ந்தார், எது குலைந்தது, எது போதவில்லை என்னும் நான்கு கேள்விகளை எந்த வைத்தியரும் கேட்கலாம். அவற்றைக் கேட்பதற்குத் தேவையான சொற்கள் நம்மிடம் நெடுங்காலமாகவே இருந்துவருகின்றன.

2003ஆம் ஆண்டின் சட்டம் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு ஒரு முடிவு கண்டது. நாடற்றவர் என்னும் சொல் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிற்று. ஆயின் சொந்தக் காணியும் சொந்த வீடும் இன்றி லயத்தில் வாழ்பவர்களுக்கு வீடற்றவன் என்னும் சொல் இன்னும் பழஞ்சொல்லாகவில்லை. ஒரு துயர்ச் சொல் அகராதியில் மட்டும் எஞ்சி வாழ்க்கையிலிருந்து மறைய வேண்டுமாயின், அதற்கு வேண்டியது வேறொரு சொல்லன்று; நிலமும் கூலியும் உரிமையுமே ஆகும். இலக்கியம் செய்யக்கூடியது, எது வேண்டும் என்பதை மக்கள் மறவாதபடி சொல்லை நேராக வைத்திருத்தல்.

1984இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை அதே ஆண்டில் வெளியான ஒரு நாவலை விட்டுச் சென்றார். துன்பப்படு, வேதனைப்படு, கவலைப்படு என்று நூற்றாண்டுக் கணக்காக மலைநாட்டான் தலையில் விழுந்த அந்தச் சிறிய வினையை எடுத்து, அதற்கு எதிர்மறைத் துணைவினை சேர்த்து, அந்நாவலுக்குப் பெயராக்கினார். நம் மாணவர்கள் துயரைக் குறிக்கும் எத்தனை சொற்களை ஆங்கிலத்தில் கற்றாலும், துயரை மறுக்கும் இந்த ஒரு தமிழ்ச் சொற்றொடரையும் கற்றுக்கொள்வார்களாக: ‘இனிப் படமாட்டேன்’.